கை மாறிக் கை மாறி வந்த பிறை

பாபிலோன் அரசன் மெலி-ஷிபாக் தன் மகளுக்கு நிலம் எழுதி வைத்தான். காலம், கி.மு. 12-ஆம் நூற்றாண்டு. அதற்காக இடுப்பளவு உயரத்தில் ஒரு கரிய கல்லைச் செதுக்கச் சொன்னான். அரசன் மகளின் மணிக்கட்டைப் பிடித்து, பீடத்தில் அமர்ந்திருக்கும் தேவியின் முன் அழைத்து வருகிறான். மகள் கையில் ஒரு யாழ். தேவி கையை உயர்த்தி வரவேற்கிறாள். மூவர் தலைக்கும் மேலே மூன்று சாட்சிகள்: சந்திரக் கடவுள் சின்னின் பிறை, சூரியக் கடவுள் ஷமாஷின் வட்டு, காதலுக்கும் போருக்கும் அதிபதியான இஷ்தாரின் விண்மீன். கொடுத்த நிலத்தில் எவனாவது கைவைத்தால் சாட்சிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. சில பத்தாண்டுகளில் ஏலாம் நாட்டு அரசன் படையெடுத்து வந்தான். நிலத்தை விட்டுவிட்டுக் கல்லையே தூக்கிக்கொண்டு சூசாவுக்குப் போய்விட்டான்.

சொத்துக்குச் சூரிய சந்திரரைச் சாட்சி வைப்பது பாபிலோனுக்கு மட்டும் சொந்தமான பழக்கமாக இருக்கவில்லை. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் பலவும் தானம் கொடுத்த நிலம் சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்லும் என்றே முடியும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கட்டும் என்று, பல கற்களின் உச்சியில் பிறையும் வட்டமும் வெட்டி வைத்தார்கள். பாபிலோன் வழக்கம்தான் இங்கே வந்து சேர்ந்தது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. மேலே அழியாமல் நிற்பவை அவை இரண்டும்தானே, சாட்சிக்கு வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? ஆனால் பாபிலோனின் பிறை, தன் கடவுளை இழந்த பிறகும் சாகாமல் ஊர் சுற்றக் கிளம்பியது.

கடவுளை இழந்த கதைக்கு ஒரு வினோதமான அரசன் காரணம். கி.மு. 556-இல் அரியணை ஏறிய நபோனிடஸுக்குச் சந்திரன் மேல் பித்து. அவன் தாய், ஹர்ரான் நகரத்துச் சந்திரன் கோயிலுக்கே வாழ்நாளை ஒப்புக்கொடுத்தவள். பாபிலோனின் காவல் தெய்வமான மர்துக்கை ஓரங்கட்டிவிட்டு மகன் சின்னைத் தூக்கிப் பிடித்தான். மர்துக் கோயில் பூசாரிகள் கொதித்தார்கள். அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தலைநகரை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு, அரேபியப் பாலைவனத்தின் தைமா என்ற ஈச்சந்தோப்பு ஊருக்குப் போய்ப் பத்து ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டான். ஏன் போனான் என்று ஆய்வாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். அவன் திரும்பி வந்து மூச்சு விடுவதற்குள், கி.மு. 539-இல், பாரசீகத்தின் சைரஸ் பாபிலோனுக்குள் நுழைந்தான். சந்திரக் கடவுளின் பேரரசுக் கனவு அத்தோடு முடிந்தது. சின்னம் மட்டும் மேற்கே, கடலோரத்தில், ஒரு தேவியின் பெயரில் தலைகாட்டியது.

அது பைசாந்தியம் என்ற துறைமுக ஊர். கி.மு. 340-இல் அலெக்சாந்தரின் தந்தை பிலிப் அதை முற்றுகையிட்டான். மழை கொட்டும் இருட்டு. மதிலில் ஏறிவிடலாம் என்று படை நெருங்கியபோது, வானத்தில் திடீரென்று வெளிச்சம். ஊர் நாய்கள் மொத்தமாகக் குரைத்தன. காவலர்கள் விழித்துக்கொண்டார்கள். பந்தம் ஏந்தும் ஹெகேட் தேவிதான் காப்பாற்றினாள் என்று ஊரார் அவளுக்குச் சிலை வைத்தார்கள். இதை எழுதி வைத்தவர் முற்றுகைக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர் என்பதால் நாய்கள் குரைத்ததற்கு உத்தரவாதம் தர முடியாது. காசுகளுக்குத் தரலாம். ரோமானியர் காலத்தில் பைசாந்தியத்தார் அடித்த காசுகளில் பிறையும் அதன்மேல் ஒரு விண்மீனும் பளிச்சென்று இருந்தன. அதற்கு முன்பே, கருங்கடல் கரையில் ரோமுக்குத் தண்ணி காட்டிய பொந்தஸ் அரசன் ஆறாம் மித்ரிடேட்ஸும் இதே ஜோடியைத் தன் வெள்ளிக்காசில் போட்டிருந்தான். ஆனால் பிறையை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைச் செய்தது இவர்கள் யாருமில்லை.

அதைச் செய்தது ஈரானின் சாசானியப் பேரரசு. அவர்களுடைய திர்ஹம், நான்கு கிராம் எடையுள்ள, தாளைப் போல் மெல்லிய அகன்ற வெள்ளிக்காசு. ஒரு பக்கம் அரசன் முகம். மறுபக்கம் தீமேடை, இருபுறமும் காவலர் இருவர், சுடருக்கு ஒரு பக்கம் விண்மீன், மறுபக்கம் பிறை. பட்டுச் சாலை வணிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பணம் அது. கி.பி. 484-இல் அரசன் பெரோஸ், வெள்ளை ஹூணர்கள் எனப்பட்ட ஹெப்தலைட்டுகளோடு மோதிப் போர்க்களத்தில் செத்தான். அதற்கு முன்பே ஒருமுறை அவர்களிடம் பிடிபட்டு, மூட்டை மூட்டையாக வெள்ளி கட்டித்தான் உயிரோடு திரும்பியிருந்தான். கை நிறையக் காசு வந்ததும், ஹூணர்கள் அதையே அச்சாக வைத்துத் தாங்களும் அடித்தார்கள். ஹூணப் படை இந்தியாவுக்குள் இறங்கியபோது பெரோஸின் முகமும் கூடவே இறங்கியது.

இங்கே நடந்ததுதான் வேடிக்கை. குஜராத், ராஜஸ்தான், மாளவம் பக்கமெல்லாம் இந்தக் காசைப் பார்த்துக் காசு, அதைப் பார்த்து இன்னொரு காசு என்று பல நூற்றாண்டுகள் அடித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு பிரதியிலும் பெரோஸின் மூக்கு கொஞ்சம் தேய்ந்தது, கண் புள்ளியானது, தாடை கோடானது. கடைசியில் முகம் எது, கிரீடம் எது என்றே தெரியவில்லை. தீமேடை வெறும் கோடுகளின் அடுக்காக மாறியது. ‘கதையா’ காசு என்று நாணயவியலார் குறிப்பிடுவது இதைத்தான். அடையாளம் தெரியும்படி பிழைத்தவை மேலே இருந்த பிறையும் சூரியனும்தான். இந்து அரசர்களின் சந்தைகளில் சாசானியரின் ஜரதுஷ்டிர மதத் தீக்கோயில் இப்படி அனாமதேயமாகப் புழங்கியது. மேற்குச் சத்ரபர்கள் மலைமேல் பிறை, பக்கத்தில் சூரியன் என்று அதற்கும் முன்பே காசடித்த பூமி. சிவன் சடையில் பிறை சூடிய தேசம். யாருக்கும் அது அந்நியமாகப் பட்டிருக்காது. ஆனால் அதே காசு ஈரானிலேயே, மேற்கிலிருந்து வரும் வேறொரு கூட்டத்தாரின் கையில் விழப்போவதை ஹூணர் காலத்தில் யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை.

651-இல் கடைசி சாசானிய அரசன் மூன்றாம் யஸ்த்கிர்த், மெர்வ் நகருக்கு அருகே ஒரு மாவரைக்கும் ஆலையில் கொல்லப்பட்டான் என்பது மரபு. ஈரான் அரபு முஸ்லிம்களின் வசமானது. வென்றவர்களிடம் சொந்தக் காசு இல்லை. அக்கசாலைகளைப் பூட்டினால் சந்தை படுத்துவிடும். ஆகவே பழைய அச்சுகளும் பழைய கம்மியர்களும் அப்படியே வேலையைத் தொடர்ந்தார்கள். முந்தைய சாசானிய அரசன் குஸ்ருவின் முகம், இறக்கை முளைத்த அவன் கிரீடம், அதன் உச்சியில் பிறை தாங்கிய விண்மீன், விளிம்பிலும் அதே பிறை-விண்மீன், பின்பக்கம் தீமேடை எல்லாம் இருந்தபடியே இருந்தன. விளிம்பில் சின்னதாக அரபியில் ‘இறைவனின் பெயரால்’ என்ற பொருளில் ஒரு சொற்றொடர் மட்டும் சேர்ந்தது. தீயை வணங்காத ஆட்சி, தீமேடை போட்ட காசை நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அடித்தது! இஸ்லாமிய ஆட்சியின் காசில் பிறையும் விண்மீனும் ஏறியது இப்படித்தான், யாரும் யோசித்து முடிவெடுக்காமல். யோசித்து முடிவெடுக்க ஒருவர் வந்தபோது, பிறைக்கு ஆபத்து வந்தது.

அவர் உமையாக் கலீபா அப்துல் மலிக். ஜெருசலேமில் பாறைக் குவிமாடத்தைக் கட்டியவர். ஹிஜ்ரி 77-இல், அதாவது 696-97-இல் தங்கக் காசையும், இரண்டு ஆண்டுகள் கழித்து வெள்ளிக் காசையும் அடியோடு மாற்றினார். அரசன் முகம் போனது. தீ போனது. பிறையும் விண்மீனும் போயின. இரண்டு பக்கமும் வெறும் எழுத்து, இறைவன் ஒருவனே என்ற அறிவிப்பு. அந்த முடிவில் ஒரு நியாயம் இருந்தது. நோன்பு மாதம் எப்போது, ஹஜ் எப்போது என்று காட்டும் நாட்காட்டியாக நிலவு முஸ்லிம்களுக்கு முக்கியம். ஆனால் சூரியனுக்கும் சந்திரனுக்கும் சிரம் பணியக் கூடாது என்று குர்ஆன் நேராகவே சொல்கிறது. நபிகள் நாயகத்தின் படைக் கொடிகள் கருப்பிலும் வெள்ளையிலும் இருந்ததாகத்தான் குறிப்புகள் சொல்கின்றன. அப்பாசியர் கொடி கருப்பு. இந்தியாவின் தென்கோடியில், கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் எழுந்த பழைய பள்ளிவாசல்கள், கோயில் மண்டபத்தைப் போன்ற கல்தூண்களோடு எழுந்தன. பிறை என்ற அடையாளம் இல்லாமலே இஸ்லாம் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நூற்றாண்டுகளில் பிறையும் விண்மீனும் யாரிடம் இருந்தன என்று பார்த்தால் தலை சுற்றும். சுல்தான் சலாஹுத்தீனை எதிர்த்து ஜெருசலேமை மீட்கப் புறப்பட்ட இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டின் 1189-ஆம் ஆண்டு அரச முத்திரையில் அவை இருந்தன. சிலுவைப் போர் வீரர்கள் லெபனான் கரையில் ஆண்ட திரிப்போலிச் சிற்றரசின் காசிலும் இருந்தன. சிலுவைக்கும் பிறைக்கும் நடந்த யுத்தம் என்று பிற்காலம் எழுதிக்கொண்ட அந்தப் போரில், பிறை சிலுவைக்காரர்களின் பக்கமே நின்றது. அது கட்சி மாறுவதற்கு ஒரு பெரிய ஊர் விழ வேண்டியிருந்தது என்பார்கள்.

விழுந்த ஊர் கான்ஸ்டாண்டினோபிள். நாய்கள் குரைத்ததாகச் சொன்ன பழைய பைசாந்தியமேதான். 1453-இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அதைப் பிடித்தார்; ஊரோடு சேர்த்து ஊரின் சின்னத்தையும் எடுத்துக்கொண்டார் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆதாரம் ஒத்துழைக்கவில்லை. அடுத்த முந்நூறு ஆண்டுகளின் ஒட்டோமான் கொடிகளில் நபிகளின் மருமகன் அலியின் இருமுனை வாளான துல்ஃபிகார் இருக்கும், வாசகங்கள் இருக்கும், ஒன்றுக்கு மூன்றாகப் பிறைகளும் இருக்கும். பள்ளிவாசல் குவிமாடங்களின் உச்சியில் உலோகப் பிறை நிறுத்தும் வழக்கமும் அவர்களிடம் வேரூன்றியது. ஒற்றைப் பிறையும் ஒற்றை விண்மீனும் சேர்ந்த அரசுச் சின்னம் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. அதைவிடக் குழப்பமான காட்சி எதிரியின் ஊரில் நடந்துகொண்டிருந்தது.

1529-இல் சுல்தான் சுலைமான் வியன்னாவை முற்றுகையிட்டபோது, நகரின் நடுநாயகமான புனித ஸ்டீபன் பேராலயத்தின் கோபுர உச்சியில் சிலுவை இல்லை. பிறையும் விண்மீனும்தான் இருந்தன! அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கிறிஸ்தவர்களே ஏற்றி வைத்தது. 1683-இல் துருக்கிப் படை இரண்டாம் முறை வந்து தோற்றுப் போன பிறகுதான், நம் கோபுரத்தில் எதிரியின் சின்னம் என்ன வேலை செய்கிறது என்று வியன்னாவுக்கு உறைத்தது. 1686-இல் அதைக் கழற்றி இறக்கிவிட்டுச் சிலுவையை வைத்தார்கள். பிறை துருக்கியருடையது என்று முடிவு கட்டியதில் துருக்கியருக்கு இருந்த பங்கைவிட, அவர்களைப் பார்த்து நடுங்கிய ஐரோப்பாவின் பங்கு அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

துருக்கியரும் ஒருவழியாக அந்த முடிவுக்கு வந்தார்கள். காரணம் பக்தி இல்லை, கடற்படை. ஐரோப்பியக் கப்பல்கள் தத்தம் நாட்டுக் கொடியோடு திரிந்த காலத்தில், ஒட்டோமான் கப்பல்கள் கலர் கலராகக் கொடி கட்டிக்கொண்டு போயின. படையை ஐரோப்பிய பாணியில் சீர்திருத்தக் கிளம்பிய சுல்தான் மூன்றாம் செலிம், 1793-இல் கடற்படைக்குச் சிவப்பில் வெள்ளைப் பிறை, வெள்ளை விண்மீன் என்று விதித்தார். 1844-இல், தன்ஸிமாத் சீர்திருத்தக் காலத்தில், ஐந்து முனை விண்மீனோடு அது பேரரசின் கொடியானது. ஒரு பேரரசு தன் கப்பலுக்கு அடையாளம் தேடிய கதை அதோடு முடிந்திருக்கலாம். ஒரு மருத்துவ முகாம் அதை முடியவிடவில்லை.

போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் காக்க 1864-இல் ஜெனீவாவில் ஒப்பந்தம் போட்டார்கள். சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறத்தைத் திருப்பிப் போட்டு வெள்ளையில் சிவப்புச் சிலுவையைச் சின்னமாக்கினார்கள். ஒட்டோமான் அரசும் மறு ஆண்டே கையெழுத்திட்டது. 1876-இல் செர்பியாவோடு போர் மூண்டது. ஆம்புலன்ஸ் வண்டியின் மேல் சிலுவையைப் பார்த்துத் தங்கள் சிப்பாய்கள் முகம் சுளிப்பதாக, அந்த ஆண்டு நவம்பரில் ஒட்டோமான் அரசு சுவிட்சர்லாந்துக்கு எழுதியது: எதிரியின் செஞ்சிலுவையை நாங்கள் மதிப்போம், எங்கள் வண்டிகளில் மட்டும் செம்பிறை வைத்துக்கொள்கிறோம். சுவிஸ்காரர்கள் சிலுவையை மதச் சின்னமாக நினைத்து வைக்கவே இல்லை. ஒட்டோமான்கள் பிறையை வைத்தது அது தங்கள் கொடியில் இருந்ததால். ஆனால் சிலுவைக்குப் பதில் பிறை என்று எதிரெதிரே நிறுத்தியதும், பார்த்தவர்களுக்கு ஒன்று கிறிஸ்தவம், மற்றொன்று இஸ்லாம் என்றாகிவிட்டது. தற்காலிக ஏற்பாடாக ஆரம்பித்ததை 1929-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது. பிறை மதச் சின்னமாகப் பிறந்த நாள் என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், என் ஓட்டு 1876 நவம்பருக்கு.

இந்தியாவுக்கும் அந்தப் பிறை வந்தது. பால்கன் போர் மூண்ட 1912-இல், டாக்டர் எம்.ஏ. அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழு துருக்கிக்குக் கப்பலேறியது. முதல் உலகப் போரில் துருக்கி தோற்று, கலீபாவாகவும் இருந்த அதன் சுல்தானின் பதவி ஆட்டம் கண்டபோது கிலாபத் இயக்கம் வெடித்தது. இயக்கத்தின் தலைவர்களான அலி சகோதரர்கள் தொப்பியில் பிறை குத்திக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். காந்தியும் கூடவே போனார். 1920 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் காந்தியின் ஒத்துழையாமைப் பேச்சைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடியது. இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து காக்கக் கிளம்பிய கிலாபத்தை, துருக்கியர்களே 1924 மார்ச் 3 அன்று ஒழித்துக்கட்டியது அடுத்த அதிர்ச்சி.

கலீபாவை நாடு கடத்தி, மதச்சார்பற்ற குடியரசு அமைத்த முஸ்தபா கெமால், கலீபாவின் கொடியை மட்டும் கீழே இறக்கவில்லை. 1936-இல் சட்டம் போட்டு, பிறையின் வட்டம் இவ்வளவு, விண்மீன் இத்தனை தூரத்தில் என்று அளவுகோல் வைத்து வரையறுத்தார்கள். பழைய ஒட்டோமான் மண்ணில் பிறந்த நாடுகளும், அந்த மண்ணையே பார்க்காத நாடுகளும் அதைப் பிடித்துக்கொண்டன. 1947 ஆகஸ்ட் 11 அன்று பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபை, முஸ்லிம் லீகின் பச்சைக் கொடியோடு சிறுபான்மையினருக்காக ஒரு வெள்ளைப் பட்டையைச் சேர்த்துத் தேசியக் கொடியாக்கியது. பிரிவினைக்குப் பின் இந்தியாவில் தங்கிவிட்ட லீகர்கள், 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் தலைமையில் கூடி இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடங்கினார்கள். பச்சைக் கொடியின் மூலையில் பிறையும் விண்மீனும் அங்கும் தொடர்ந்தன.

மார்க்க அறிஞர்கள் பலர் இன்றும் அதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்கிறார்கள். சவூதி அரேபியாவின் தேசியக் கொடியில் கலிமாவும் வாளும் உண்டு, பிறை கிடையாது. ஆனால் அதே சவூதி, மக்காவின் பெரிய பள்ளிவாசலை ஒட்டி 601 மீட்டர் உயரக் கடிகாரக் கோபுரத்தைக் கட்டி, அதன் உச்சியில் 23 மீட்டர் அளவுள்ள தங்கநிறப் பிறையை ஏற்றி வைத்திருக்கிறது. விண்மீனை மட்டும் விட்டுவிட்டார்கள்.